வீட்டு வாக்கியம்

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுவது. ‘இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அதற்கு வேலையில்லை. நலமறிந்துவிட்டேன். வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, அலுவலகத்தில், கையில் ரப்பர் முத்திரையோடு உட்கார்ந்திருந்தபோது அறிந்தேன். அன்றிலிருந்து இன்று ஞாயிற்றுக்கிழமை காலை வரை, தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி வீட்டுக்குள் வளைய வருகிறேன். உன் மாமா நேற்று, "என்ன, பாட்டெல்லாம் பாடுற?" என்று கேட்டார். நான் பாடியது எனக்கே தெரியவில்லை.

நீ அனுப்பியது மூன்றே வரி. "ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லா இருக்கா. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு." அதன் கீழே பதினான்கு வினாடி ஒலிப்பதிவு. நாலு மாதத்தில் நீயாக அனுப்பிய முதல் செய்தி. அதற்கு நான் அனுப்பிய பதில் ஒரே சொல்: "அப்பாடா." பத்தொன்பது வருஷமாக அகராதி அலுவலகத்தில் சொற்களோடு மல்லுக்கு நிற்கிறவள், தங்கையின் மகளுக்குக் காது கேட்கத் தொடங்கிய நாளில் உருப்படியாக ஒரு வாக்கியம் எழுதத் துப்பில்லாமல் போனேன். அதை ஈடுகட்டத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வாயைத் திறப்பதற்குள் நான் பதிலைச் சொல்லி முடித்திருப்பேன். கடிதத்தில் அந்த வசதி எனக்கு இல்லை. நீ படிக்கும்போது நான் குறுக்கே பேச முடியாது. பிடிக்காத இடம் வந்தால் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

அந்த ஒலிப்பதிவை இதுவரை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். முதலில் உன் குரல். "குட்டீ, இங்க பாரு!" என்று மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி. பாவம், பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே என்று இத்தனை நாள் கத்திக் கத்தி உன் தொண்டைக்கு அதுவே பழகிவிட்டது. பிறகு ஒரு ஸ்பூன் தட்டில் உரசுகிறது. அப்புறம் அவள் குரல், ரொம்ப நிதானமாக, ஒரு பெரிய மனுஷி மாதிரி: "அம்மா, கத்தாதே." கடைசி மூன்று வினாடியில் நீ சிரிக்கிறாயா அழுகிறாயா என்று பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் அகராதியின் ஆர் எழுத்துப் பகுதி அச்சுப் படிகளுமாக நின்றேன். நீ சொன்னாய்: "அக்கா, பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. நேத்து தட்டு விழுந்து உடைஞ்சுது, அப்பவும் திரும்பல. எப்பப் பார்த்தாலும் என் வாயையே பார்த்துட்டு இருக்கா." நான் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "டோன்ட் பி சில்லி! பிள்ளைன்னா அம்மா முகத்தைத்தான் பார்க்கும். என் பெரியவன் மூணு வயசு வரைக்கும் பேசல. இப்ப அவன் வாயை மூட ஆள் இல்ல" என்றேன். நீ மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் அதற்குள் சின்னவனுக்குப் பள்ளிக்கூட ஷூ அளவு கிடைக்காத கதைக்குப் போய்விட்டேன். கடைசியில் நீ "சரிக்கா" என்றாய்.

நீ சொன்ன மற்றதெல்லாம் எனக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்தச் "சரிக்கா" மட்டும் அன்றைக்கே எங்கோ குத்தியது. உருளைக்கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்ததும் அதை மறந்துவிட்டேன்.

அம்மா இருந்திருந்தால் நீ அம்மாவைக் கேட்டிருப்பாய். அம்மா போன பிறகு அந்த நாற்காலியில் நானாகத்தான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்; யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? கடையில் உனக்கு எந்த ஐஸ்கிரீம் வேண்டும் என்பதை நான் சொல்வேன். டாக்டரிடம் உனக்கு எங்கே வலிக்கிறது என்பதை நான் சொல்வேன். உன்னை ‘அசடு’ என்று கூப்பிட்டதும் நான்தான். வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லமாகத்தான் கூப்பிட்டேன், சத்தியமாக. ஆனால் செல்லப் பெயர் வைத்தவளே ஒரு கட்டத்தில் அதை நம்பவும் ஆரம்பித்துவிடுகிறாள் போலிருக்கிறது.

நாலு மாதம் முன்பு உன் வீட்டுக்காரர் போன் செய்தார். குட்டியின் பள்ளியில் டீச்சர் சீட்டு எழுதி அனுப்பியதையும், பரிசோதனை செய்ததையும், இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கோத்துக் கோந்து மாதிரி கெட்டியாகி, ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். காதுக்கு ஒன்றாக, அரிசியைவிடச் சின்னக் குழாய் வைப்பார்களாம். ஆனால் முழுசாகக் கேட்குமா என்பது வைத்த பிறகுதான் தெரியுமாம். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டாராம். நீ, "நான்தான் கவனிக்கல டாக்டர்" என்றாயாம். உன் வீட்டுக்காரர் அதை வெறும் தகவலாகத்தான் சொன்னார். நான் வாசல் மிதியடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ கவனித்தாய். டீச்சருக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால், முதல் ஆளாகக் கவனித்தாய். ‘எங்க அக்கா ஒண்ணும் இல்லன்னு சொன்னா, அதான் விட்டுட்டேன்’ என்று அங்கே சொல்லியிருக்கலாம். முன்பின் தெரியாத டாக்டர். அவர் என்னை என்ன செய்துவிடப் போகிறார்? அவரிடம்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் நான் கூப்பிட்டபோது, "பரவாயில்லக்கா, வேலை இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்றாய். அந்த அப்புறம் நாலு மாதம் நீண்டது. நான் கேட்டதற்கெல்லாம் உன் வீட்டுக்காரர்தான் ‘பார்த்துக்கிட்டு இருக்கோம் அண்ணி’ என்று பதில் போட்டார். கோபத்தில் நீ கத்தியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும். உன் கோபத்துக்குச் சத்தமே கிடையாது. ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்பதற்கு வருகிறேன்.

நடுவில் வீட்டுச் சேதி. பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த வாயை வைத்துக்கொண்டு அவனுக்கு வாடிக்கையாளர் சேவையில்தான் வேலை, கேட்டுக்கொள். சின்னவன் திடீரென்று சமையலில் இறங்கி, முட்டையை நாலு விதமாகக் கெடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். மாமாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஆகாது. குளியலறைக் குழாய் இரண்டு வாரமாகச் சொட்டியது. முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பல்லைக் கடிப்பேன். இந்த முறை பிளம்பரைக் கூப்பிடாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், குட்டிக்கு இது கேட்குமா என்று. மாமா கடைசியில் தாங்கமாட்டாமல் தானே ஆளைக் கூட்டிவந்தார்.

இப்போது அலுவலகக் கதை. இதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

எங்கள் இடம் உனக்குத் தெரியும். கூரியர் கடைக்கு மேலே ஒரு நீள அறை, ஏழு பேர், ஒரே ஜன்னல். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ் அகராதியைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அட்டையில் பொருள், சொல் பிறந்த கதை, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். பிறந்த கதையை எழுதுகிறவரை ‘வேர்க்காரர்’ என்போம். எடுத்துக்காட்டு என்னைப் போன்றவர்கள் வேலை. எல்லாவற்றையும் சரிபார்க்கிறவர் பதிப்பாசிரியர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், எப்போதும் காதுக்கு மேலே ஒரு பச்சைப் பென்சில். அவர் இல்லாத நேரத்தில் அவர் பெயரும் அதுதான்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியம் யாரைப் பற்றியதாகவும் இருக்கக்கூடாது. ‘பூனை பால் குடித்தது’ என்று எழுதலாம். ஆனால் அது உன் வீட்டுப் பூனையாக இருக்கக்கூடாது. அப்படி வந்துவிட்டால் அதற்கு ‘வீட்டு வாக்கியம்’ என்று பெயர். பச்சைக் கோடு விழும். விதி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பு இருந்த ஒருவர், கஞ்சத்தனத்துக்கான சொல்லுக்குத் தன் மாமியாரையே எடுத்துக்காட்டாக எழுதிவைத்தார், இரண்டாம் முறை பரிமாற மாட்டார் என்று. புத்தகம் அச்சாகி வந்தது. மாமியார் தலைமையாசிரியை. பள்ளிக்கு முப்பது பிரதி வாங்கியவரும் அவரே. இன்னொருவர் ஒரு மாதம் முழுக்க எல்லாச் சொல்லுக்கும் ரயிலும் பெட்டியும் பிரியாவிடையுமாக எழுதினார். அவர் ராஜினாமா கொடுத்தபோது யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சும்மா ஒரு வாக்கியம் எழுது என்றால், மனதில் எது புரண்டுகொண்டிருக்கிறதோ அதுதான் கையில் வரும். நாங்கள் எல்லோரும் ஒருவர் வீட்டு விஷயத்தை ஒருவர் அட்டையில் படித்திருக்கிறோம்.

மூன்று வாரம் முன்பு எனக்கு ஒதுக்கிய அட்டைகளில் ‘சில்லி’ என்ற சொல் வந்தது, அசட்டுத்தனம் என்று அன்று போனில் உன்னிடம் நான் சொன்ன அதே சொல்.

நான் அதை அடியில் செருகினேன். அது எப்படியோ மேலே வந்தது. பக்கத்து மேஜைக்காரியிடம் ‘சில்வர்’ தருகிறேன், இதை வாங்கிக்கொள் என்று பேரம் பேசினேன். அவள் ஏற்கெனவே ‘சிஸ்டர்’ என்ற சொல்லோடு மல்லாடிக்கொண்டிருந்தாள், கூடப் பிறந்தவளோடு சொத்துத் தகராறு அவளுக்கு. மாற்ற முடியாது என்றுவிட்டாள்.

திங்கட்கிழமைகளில் காபி வேளையில் வேர்க்காரர் அந்த வாரச் சொற்களின் கதையை வாசிப்பார். கேட்கிறோமோ இல்லையோ வாசிப்பார். அன்றைக்கு இந்தச் சொல்லை எடுத்து, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஆசீர்வாதம் வாங்கின. சந்தோஷமான" என்றார். எல்லோரும் நிமிர்ந்தோம். கடவுள் ஆசி பெற்றவர் என்பது மெல்ல மெல்லச் சூதுவாது தெரியாதவர் என்றாயிற்றாம். சூதுவாது தெரியாதவர், ஐயோ பாவம் என்கிற ஆள் ஆனாராம். அப்புறம் பலவீனமானவர். கடைசியில் புத்தியில்லாதவர். "பழைய பாட்டுல ஆட்டுக்குட்டியை இந்தச் சொல்லாலதான் சொல்வாங்க. முட்டாள் ஆடுன்னு இல்ல, வாயில்லா ஜீவன்னு. ஜெர்மன்ல இதோட ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தி இருக்கா, அவ இன்னமும் ஆசி வாங்கினவளாவே இருக்கா. இவதான் இறங்கிட்டா" என்றார்.

எங்கள் தட்டச்சர் அம்மா, "நம்ம வெகுளியும் அப்படித்தானே சார்? பழைய தமிழ்ல வெகுளின்னா கோபம். இப்ப கோபமே வராத ஆளை வெகுளிங்கிறோம்" என்றார். வேர்க்காரருக்கு வாயெல்லாம் பல். எனக்கு உன் ஞாபகம் வந்தது, இரண்டு அர்த்தத்திலும்.

நான் சும்மா இருக்காமல், "சொல்லு இறங்கினது யார் தப்பு?" என்று கேட்டேன். வேர்க்காரர் பிஸ்கட்டை மென்றுகொண்டே, "சொல்லு ஒண்ணும் பண்ணலையே. அது நின்ன இடத்துலதான் நிக்குது. பேசுறவங்கதான் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு படி மேல ஏறி நின்னு பார்த்திருக்காங்க. மேல ஏற ஏற, கீழ இருக்கிறவங்க முதல்ல பாவமாத் தெரிவாங்க, அப்புறம் அசடாத் தெரிவாங்க" என்றார். அவருக்கு அது திங்கட்கிழமை வாசிப்பு, அவ்வளவுதான். நான் கையில் வைத்திருந்த காபி ஆறிப்போயிற்று. சமையலறையில் கரண்டியோடு நின்றபோது நான் எத்தனாவது படியில் நின்றிருப்பேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

தட்டச்சர் அம்மாவுக்குக் கிரிக்கெட் உயிர். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சில்லி பாயிண்ட் எங்க? அதை விட்டுட்டீங்களே!" என்று குறை சொன்னார். மட்டையடிப்பவருக்கு மிக அருகில், இரண்டு அடி முன்னால் வந்தால் இடிக்கிற தூரத்தில் ஒருவர் குனிந்து நிற்பாரே, அந்த இடம். அவ்வளவு கிட்டே போய் நிற்பது பைத்தியக்காரத்தனம் என்றுதான் அந்தப் பெயராம். "ஆனா மட்டையில லேசா உரசிட்டு வர்ற பந்து அவருக்குத்தான் தெரியும். தூர நிக்கிறவங்களுக்குச் சத்தம்கூட வராது" என்றார். பச்சைப் பென்சில் உடனே அதைச் சேர்க்கச் சொன்னார். நீ எங்கே நின்றிருந்தாய், நான் எங்கே நின்றிருந்தேன் என்று எனக்கு அப்போது தெரிந்தது. எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, பந்தே வரவில்லை என்று தீர்ப்புச் சொன்னவள் நான்.

பொருள் எழுதிவிட்டேன். எடுத்துக்காட்டுதான் வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டு அட்டை முடிக்கிறவள், இந்த ஒன்றைப் பத்து நாள் காலியாக வைத்திருந்தேன். பிறகு ஒன்று எழுதினேன்: ‘நான் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனமானது!’ பச்சைக் கோடு விழுந்தது. இன்னொன்று: ‘நான் ஓர் அசட்டு அக்கா.’ பச்சைக் கோடு. மூன்றாவதாக, ‘அவள் பயந்தது அசட்டுத்தனம் என்று நான் நினைத்தேன்’ என்று எழுதினேன். அதற்குக் கோடு விழவில்லை. என்னை மேஜைக்குக் கூப்பிட்டார்.

"இது வீட்டு வாக்கியமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரு?" என்றார். தங்கை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நான்தான் கொட்டினேன். தட்டு உடைந்தது, வாயைப் பார்த்தது, நீ டாக்டரிடம் சொன்னது, கிழித்த ஆறு கடிதம் எல்லாம். அறையில் மற்ற ஐந்து பேரும் மும்முரமாக வேலை செய்வதுபோல் பாவனை செய்தார்கள். ஒரு தாள்கூடப் புரளவில்லை. அவர் முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு ‘ம்’ கூட இல்லை. அப்படிக் கேட்க முடியும் என்பதே எனக்குப் புதிது. பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டே, "மூணு வாக்கியத்துலயும் நீங்கதான் இருக்கீங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்தக் கடிதமெல்லாம்கூட ‘நான்’ன்னுதான் ஆரம்பிச்சீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம். ஆறும் அப்படித்தான். நான் எப்படி இப்படிச் சொன்னேன், எனக்கு எவ்வளவு வலிக்கிறது, என்னை மன்னித்துவிடு. அதனால்தான் படித்துப் பார்த்ததும் பிடிக்காமல் கிழித்திருக்கிறேன். காரணம் தெரியாமலே கிழித்திருக்கிறேன். உன் மகளின் காதுக்குள்ளேகூட நான் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை அட்டை திரும்பி வந்தது. வாக்கியத்தை அடிக்கவில்லை. திருத்தியிருந்தார். ‘என்று நான் நினைத்தேன்’ என்பதை எடுத்துவிட்டு, பச்சையில் எழுதியிருந்தார்: ‘அவள் பயந்ததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை.’ ஓரத்தில் அவருடைய கையெழுத்து. விதி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "‘நான்’ போயாச்சு, வீட்டு ஆளுங்க யாரும் வாக்கியத்துல இல்லையே. இனி இது யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்றார்.

வியாழக்கிழமை நான் ‘சில்வர்’ அட்டைக்கு ‘முடிந்தது’ முத்திரை குத்தப்போன நேரத்தில் உன் செய்தி வந்தது. முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியைப் படித்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தட்டச்சர் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். ஒலிப்பதிவை ஓடவிட்டேன். ‘அம்மா, கத்தாதே’ என்று அவள் சொன்னதும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். இன்னொரு தடவை போடுங்க என்றார்கள். போட்டேன். வேர்க்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இனிமே நீங்களும் மெதுவாப் பேசணும், தெரியுதா?" என்றார். பச்சைப் பென்சில் ஜன்னல் பக்கம் போய் நின்றவர், வெகுநேரம் அங்கேயே நின்றார். அதற்கப்புறம் சில்வரும் ஓடவில்லை, சின்சியரும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்லும்போதுதான் வாய்விட்டு அழுதேன். அது நல்ல அழுகை. வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அந்த அட்டையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் அச்சாகும். யாரோ ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்துக்காக எஸ் பக்கத்தைப் புரட்டி, அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டு போகும். ‘அவள்’ யார் என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. உனக்குத் தெரிந்தால் போதும்.

குட்டிக்குக் குளிக்க வார்க்கும்போது காதில் தண்ணீர் போகாமல் <s>பஞ்சு வைத்து</s> — அடித்துவிட்டேன், பார். டாக்டர் சொன்னதைச் செய். அதைவிட, உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். இதுவரை நீ பார்த்துச் சொன்னது எதுவும் தப்பாகப் போகவில்லை. பேச்சு மெதுவாக வந்தால் வரட்டும். வராவிட்டால் என்ன செய்வது என்பதும் என்னைவிட உனக்கு முன்னால் தெரியும். பின்னால் நின்று கூப்பிட்டால் இப்போது திரும்புகிறாளாமே, உன் வீட்டுக்காரர் நேற்று எழுதியிருந்தார். அவள் முதல் தடவை திரும்பியபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விடுமுறைக்கு வருவீர்களா என்று கேட்க ஆசை. கேட்கவில்லை, நீயாகச் சொல்லு. ‘அசடு’ என்று இனிக் கூப்பிட மாட்டேன் என்று எழுதிவிட்டு, பிறகு யோசித்தேன். அதையும் நீதான் சொல்ல வேண்டும்.

குட்டியின் இரண்டு காதிலும் ஒவ்வொரு முத்தம், சத்தமில்லாமல் கொடு. அவள் எல்லாச் சத்தமும் கேட்டு, எல்லோர் பேச்சையும் கேட்டு, தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாக வாழட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. நாலு மாதம் நடுவில் நின்ற பொறுமைக்கு அவருக்கு ஒரு நல்ல சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு. நாளைக்கே என்றாலும் சரி, அடுத்த வருஷம் என்றாலும் சரி. அடுப்பை அணைத்துவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் திரும்புகிறேன்.

இப்படிக்கு,
கேட்டுக்கொண்டிருக்கும்,
உன் அக்கா